மூக்குக்கண்ணாடிக் கரடி

தென் அமெரிக்கக் கண்டத்தின் மேலைக் கரையை ஒட்டி, வடக்கினின்று தெற்கு நோக்கி, ஆண்டீஸ் என்னும் மலைத்தொடர் நீண்டு கிடக்கின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர். நிலத்தின்மீது அமைந்த மலைத்தொடர்களுள் இதனினும் நீண்டது பிறிதொன்று இல்லை. இதன் கொடுமுடிகள் பல, ஆண்டு முழுவதும் பனி போர்த்து விளங்குவன. பனி மூடிய பகுதிக்குக் கீழே புல்லும் புதரும் செறிந்த ஈரமான மேட்டு நிலங்கள் உள்ளன. அவற்றிற்கும் கீழே முகிற்காடுகள் உள்ளன. அங்கே எந்நேரமும் முகில் தவழும். மரந்தோறும் பாசி படர்ந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும். மேலைச் சரிவின் சில இடங்களில் மழை அரிதாகிய வறண்ட காடுகளும் உண்டு. பனியும் முகிலும் வறட்சியும் ஒரே மலைத்தொடரில் அடுத்தடுத்து அமைந்திருத்தல் வியப்பிற்குரியதன்றோ? வறண்ட காடு முதல் உயர்ந்த மேட்டு நிலம் வரை இம்மலையின் பல்வகை நிலங்களிலும் வாழக் கற்றுக்கொண்ட விலங்கு ஒன்று உண்டு. அதுவே மூக்குக்கண்ணாடிக் கரடி.

இக்கரடியின் உடலை அடர்ந்த கருமயிர் மூடியிருக்கும். சிலவற்றிற்கு அம்மயிர் கரும்பழுப்பாக இருத்தலும் உண்டு. முகத்தில் மட்டும் வெண்மையோ இளமஞ்சளோ ஆகிய வரைகள் காணப்படும். அவை கண்களைச் சுற்றி வளைந்து, மூக்கின் இருமருங்கும் இறங்கி, கழுத்திலும் மார்பிலும் பரவி நிற்கும். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு, முதியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடி அணிந்து அமர்ந்திருப்பது போன்ற தோற்றம் உண்டாகும். ஸ்பானிய மொழியில் ‘ஓசோ’ என்பது கரடி. ‘ஆன்டெயோகோஸ்’ என்பது மூக்குக்கண்ணாடி. அவ்விரு சொற்களையும் இணைத்தே அந்நாட்டினர் இதனை வழங்குகின்றனர். மலைவாழ் மக்களின் பழைய மொழிகளிலும் இதற்குப் பெயருண்டு. கெச்சுவா மொழியினர் ‘உக்குக்கு’ என்றும், அய்மாரா மொழியினர் ‘ஹூக்குமாரி’ என்றும் அழைப்பர்.

ஒரு கரடியின் முகவரை மற்றொன்றின் முகவரையை ஒத்திராது. சிலவற்றிற்குக் கண்ணைச் சூழ்ந்த வளையம் நிறைவுறாது பாதியிலே நின்றுவிடும். சிலவற்றிற்கு வரையே இராது. மனிதர்க்குக் கைரேகை எவ்வாறோ, அவ்வாறே இவ்விலங்கிற்கு முகவரை. பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிரெடெரிக் கூவியே என்பார் 1825-ஆம் ஆண்டில் இக்கரடிக்கு முதன்முதலாக அறிவியற்பெயர் சூட்டினார். அணிசெய்யப்பெற்றது என்னும் பொருளுடைய ‘ஆர்னேட்டஸ்’ என்ற இலத்தீன் சொல்லை அவர் அப்பெயரில் அமைத்தார். இயற்கை எழுதிய அம்முகவரையே அவர் கண்ட அணிகலன் போலும்.

இன்று உலகில் வாழும் கரடியினங்கள் எட்டு. துருவப் பனிக்கரடி, பழுப்புக் கரடி, அமெரிக்கக் கருங்கரடி, ஆசியக் கருங்கரடி, சூரியக் கரடி, நம் நாட்டுக் காடுகளில் கறையான் புற்றைக் கிளறியுண்ணும் தேன்கரடி, சீன நாட்டுப் பாண்டா ஆகியவை ஏழு; எட்டாவது மூக்குக்கண்ணாடிக் கரடி. தென் அமெரிக்கக் கண்டம் முழுவதிலும் காட்டில் வாழும் கரடி இஃது ஒன்றே. வெனிசுவேலா, கொலம்பியா, ஈக்குவடார், பெரு, பொலிவியா ஆகிய ஐந்து நாடுகளின் மலைப்பகுதிகளே இதன் உறைவிடம். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 250 மீட்டர் உயரத்திலுள்ள வறண்ட அடிவாரம் தொடங்கி, 4,700 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் வரையில் இது நடமாடுகின்றது.

இக்கரடியின் குலவரலாறும் அறியத்தக்கது. முன்னொரு காலத்தில் வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் கடலால் பிரிக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ முப்பது இலட்சம் ஆண்டுகட்கு முன் பனாமாப் பகுதியில் நிலம் எழுந்து இரண்டையும் இணைத்தது. அந்நிலப்பாலத்தின் வழியே விலங்குகள் பல வடக்கிலிருந்து தெற்கிற்கும், தெற்கிலிருந்து வடக்கிற்கும் பெயர்ந்தன. குறுமுகக் கரடிகள் எனப்படும் குலத்தினவும் அங்ஙனமே பிற்காலத்தில் தெற்கே வந்து சேர்ந்தன. அக்குலத்துள் மிகப் பெரியனவும் இருந்தன. ஆர்ஜென்டீனாவில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த அறிஞர்கள், அவ்வெலும்புகட்கு உரிய கரடி 1,500 கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடையுடையதாக இருந்திருக்கலாம் என்று 2011-ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர். அத்தகைய பேருருவங்கள் எல்லாம் பனியூழியின் இறுதியை ஒட்டி மண்ணோடு மண்ணாய் மறைந்தன. அக்குலத்தில் எஞ்சி நிற்பது மூக்குக்கண்ணாடிக் கரடி ஒன்றே. உருவிற் பெரியன மாய, உருவிற் சிறியதும் இலைதழை தின்பதுமாகிய இஃது இன்றளவும் வாழ்கின்றது.

குலம் தனித்ததாகலின் உடலமைப்பிலும் இது சில தனித்தன்மைகளை உடையது. ஏனைய கரடிகட்குப் பதினான்கு இணை விலாவெலும்புகள் இருப்ப, இதற்குப் பதின்மூன்று இணைகளே உண்டு. முகம் குறுகியது, தாடை வலியது. முன்கால்கள் பின்கால்களைவிடச் சற்று நீண்டவை, நகங்கள் வளைந்தவை. இவை மரமேறுதற்கு மிகவும் ஏற்ற அமைப்புகளாம். வளர்ந்த ஆண் கரடி 100 முதல் 175 கிலோகிராம் வரை எடையுடையது. பெண் கரடி அதனினும் மிகச் சிறியது. பெரும்பாலும் 80 கிலோகிராமுக்கு உட்பட்டே இருக்கும். டாப்பிர் என்னும் விலங்கையும் ஒருசில பெருவிலங்குகளையும் ஒழித்தால், தென் அமெரிக்க நிலவிலங்குகளுள் உருவாற் சிறந்தது இஃது எனலாம்.

கரடி என்றவுடன் ஊனுண்ணும் கொடுவிலங்கே பலர்க்கும் நினைவில் எழும். மூக்குக்கண்ணாடிக் கரடியின் உணவோ பெரும்பாலும் மரஞ்செடிகளிலிருந்தே கிடைக்கின்றது. ஊனுணவு அதன் உணவில் ஒரு சிறு பங்கே. அன்னாசிச் செடியை நாம் அறிவோம். அவ்வினத்தைச் சார்ந்த செடிகள் ஆண்டீஸ் மலையில் மிகப் பல. அவற்றுட் சில முகிற்காட்டு மரக்கிளைகளின்மீது பற்றி வளர்வன. பூயா என்பது போன்ற சில மேட்டு நிலத்திலே தரையில் நின்று வளர்வன. பூயாவின் இலைவிளிம்பில் கொக்கி போன்ற முட்கள் வரிசையாக இருக்கும். ஆடுமாடுகள் அதனை அணுக அஞ்சும். கரடியோ அம்முள்ளிலைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தெறிந்து, நடுவில் பொதிந்துள்ள வெண்மையான மெல்லிய குருத்தைக் கண்டு உண்ணும். அது உண்டு சென்ற இடத்தில் பிய்த்தெறிந்த இலைகள் குவியலாகக் கிடக்கும். அக்குவியலைக் கண்டே மலைவாணர் கரடியின் வரவை அறிவர்.

பனைமரங்களின் குருத்து, மூங்கிலின் இளந்தண்டு, கள்ளியின் கனி, ஆர்க்கிட் செடிகளின் கிழங்கு, அத்தி முதலிய காட்டுக் கனிகள் ஆகியவையும் அதற்கு உணவாவன. வண்டு, எறும்பு, எலி, பறவை முதலியவற்றை வாய்த்தபோது உண்ணும்; இறந்த விலங்கின் உடல் கிடைப்பின் அதனையும் விடாது. நாரும் மரத்தசையும் நிறைந்த உணவை அரைத்தற்கு வலிய தாடையும் அகன்ற கடைவாய்ப்பற்களும் அதற்கு உதவுகின்றன.

கனி பழுக்கும் காலத்தில் இக்கரடி மரத்தின் உச்சியிலேயே பல நாள் தங்குவதுண்டு. எட்டாத கிளைகளைத் தன்பால் வளைத்து ஒடித்துக் காலின் கீழ் அடுக்கிக்கொள்ளும். நாளடைவில் அஃது ஒரு பரண்போல் ஆகிவிடும். அப்பரண்மீது அமர்ந்து கனியை உண்ணும். உண்டு களைத்தபின் அங்கேயே படுத்துறங்கும். காட்டில் தினைப்புனம் காப்பார் பரண் அமைத்தலைப் போல, இவ்விலங்கு தன் உணவின் நடுவே தனக்கொரு பரண் அமைத்துக்கொள்கின்றது.

பெரு நாட்டின் வடபகுதியிலுள்ள வறண்ட காடுகளில் வாழும் கரடிகளின் நிலை வேறு. அங்கே சப்போட்டே என்று அந்நாட்டார் வழங்கும் ஒருவகை மரத்தின் கனி பழுக்கும் காலம் கரடிகட்குச் செல்வக் காலம். (நம் நாட்டுச் சப்போட்டா வேறு, இம்மரம் வேறு.) அக்கனி ஒழிந்தபின் உணவு அரிதாகும். அப்பொழுது பசாயோ என்னும் மரத்தின் பட்டையையும் மென்மையான மரத்தசையையும் கரடி கடித்துத் தின்று உயிர் தாங்கும். நீரும் ஒருசில சுனைகளிலன்றிக் கிடையாது. வளம் வந்தபோது உண்டு கொழுத்தும், வறட்சி வந்தபோது மெலிந்து பொறுத்தும் வாழும் அதன் இயல்பு வியக்கத்தக்கது.

குளிர் மிகுந்த வடநாடுகளில் வாழும் கரடிகள் பல, பனிக்காலம் முழுவதும் குகையில் உறங்கிக் கழிக்கும். மூக்குக்கண்ணாடிக் கரடிக்கு அத்தகைய நெடுந்துயில் இல்லை. நிலநடுக்கோட்டை அடுத்த அம்மலைகளில் ஏதேனும் ஓர் உணவு ஆண்டு முழுவதும் கிடைத்தலே இதற்குக் காரணம். ஓரிடத்தில் உணவு ஒழியின் வேறோர் உயரத்திற்கு அது பெயர்ந்து செல்லும். கனி பழுக்கும்போது காட்டிற்கு இறங்கும். கனி தீர்ந்தபின் குருத்துத் தேடி மேட்டு நிலத்திற்கு ஏறும். ஆதலின், மேலும் கீழும் தடையின்றிச் சென்றுவரத்தக்க மலைப்பரப்பு அதன் வாழ்விற்கு இன்றியமையாதது.

இது தனித்து வாழும் இயல்பினது. மனிதனைக் கண்டால் மரமேறி மறையும். அன்றேல் புதரினுட் புகுந்து அகலும். மனிதரைத் தாக்குதல் மிக அரிது. மரப்பட்டைகளை நகத்தாற் கீறியும், உடலை அவற்றின்மீது உரசியும் தன் வரவைப் பிற கரடிகட்கு அறிவிக்கும். ஆணும் பெண்ணும் கூடும் காலத்தில் மட்டும் சின்னாள் இணைந்து திரியும். கருவுற்ற பெண் கரடியிடத்து ஓர் அரிய அமைப்பு உண்டு. கரு உடனே வளரத் தொடங்காது. சில திங்கள் வளர்ச்சியின்றித் தங்கியிருந்து, பின்னரே கருப்பையிற் பதிந்து வளரும். அதனால் கருக்காலம் ஐந்தரைத் திங்கள் முதல் எட்டரைத் திங்கள் வரை வேறுபடும். உணவு மிகும் பருவத்தில் குட்டிகள் வளர்ந்து வெளிவருதற்கு இவ்வமைப்புத் துணைசெய்கின்றது.

ஓர் ஈற்றில் ஒன்று அல்லது இரண்டு குட்டிகள் பிறக்கும். மூன்று பிறத்தல் அரிது. பிறந்த குட்டியின் எடை ஏறத்தாழ 300 கிராமே; ஒரு மாம்பழத்தின் எடைக்கு அஃது ஒப்பாகும். கண் திறப்பதற்கு ஆறு வாரங்கள் ஆகும். பாறை இடுக்கிலோ மரத்தின் அடியிலோ அமைந்த முழையில் தாய் அவற்றைக் காக்கும். பின்பு ஓராண்டோ அதற்கு மேலோ குட்டிகள் தாயுடன் திரிந்து, எந்தச் செடியை எவ்வாறு பிய்ப்பது, எந்த மரம் எப்பொழுது பழுக்கும் என்பனவற்றைக் கற்றுக்கொள்ளும். தாய் கொல்லப்படின் இக்கல்வி நின்றுவிடுகின்றது. பால் மாறாக் குட்டியாயின் அதன் உயிரும் உடன் போகின்றது.

நாணமிகுந்த இவ்விலங்கை ஆராய்தல் எளிதன்று. பெர்னார்டு பேட்டன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் பெரு நாட்டு மலைகளில் அலைந்து, கரடியின் உணவையும் உறைவிடத்தையும் பற்றித் தாம் கண்டவற்றை 1980-ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டார். கரடியை நேரிற் காண்டல் அரிதாகலின், அது பிய்த்தெறிந்த இலைகளும், கட்டிய பரண்களும், இட்ட எச்சங்களுமே ஆய்வாளர்க்குச் சான்றுகளாயின. இக்காலத்தில் விலங்கு எதிர்ப்பட்டவுடன் தானே படம் எடுக்கும் கருவிகளைக் காட்டு வழிகளில் பொருத்தி வைக்கின்றனர். படத்திற் பதிந்த முகவரையைக் கொண்டு இன்ன கரடி இஃது என்று பிரித்தறிகின்றனர்.

இவ்வாராய்ச்சிகளால் வெளிப்பட்ட உண்மைகளுள் தலையாயது ஒன்றுண்டு. கரடி கனியை விதையோடு விழுங்குகின்றது. பின்பு அது நெடுந்தொலைவு நடந்து, மேட்டிலும் பள்ளத்திலும் எச்சமிடுகின்றது. அவ்வெச்சத்திற் கிடக்கும் விதைகள் பல, பழுதின்றி முளைக்கின்றன. பெருங்கனிகளின் விதையைச் சிறு பறவைகள் விழுங்கமாட்டா; கரடியோ அவற்றையும் சுமந்து செல்லும். மேலும், அது கிளைகளை ஒடித்துப் பரண் கட்டும் இடத்தில் மரக்கூரை திறந்து கதிரொளி தரையிற் படுகின்றது; நிழலில் ஒடுங்கியிருந்த இளங்கன்றுகள் அவ்வொளியால் எழுகின்றன. கூலி கேளாத தோட்டக்காரன் ஒருவன் அம்மலைக்காட்டில் இரவும் பகலும் உழைத்துவருகின்றான் என்றே கூறலாம்.

காடு தழைத்தலால் மனிதர்க்கு யாது பயன் என்று வினவுவார் உளர். அவர்க்கு விடை கொலம்பியா நாட்டின் தலைநகராகிய பொகோட்டாவில் கிடைக்கும். அந்நகர் 2,600 மீட்டர் உயரத்தில் அமைந்தது. பல இலட்சம் மக்கள் வாழ்வது. அந்நகர் பருகும் நீரிற் பெரும்பங்கு, அண்மையிலுள்ள சிங்காசா என்னும் மலைப்பகுதியிலிருந்து வருகின்றது. 1977-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அமைக்கப்பட்ட அப்பகுதியில் பாராமோ எனப்படும் ஈர மேட்டு நிலங்கள் பரந்துள்ளன. அங்கே பிரைலெகோன் என்னும் செடி வளர்கின்றது. ‘பெருந்துறவி’ என்பது அச்சொல்லின் பொருள். உலர்ந்த இலைகளையே ஆடையாகப் போர்த்து நெடிது நிற்கும் அச்செடி, தன் மென்மயிர் இலைகளால் முகிலின் ஈரத்தைப் பற்றி மண்ணுக்கு அளிக்கின்றது. பஞ்சு நீரை ஏற்பது போல அம்மண் ஈரத்தை ஏற்றுச் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகின்றது. அந்நிலத்தில் பூயாவின் குருத்தைத் தின்று மூக்குக்கண்ணாடிக் கரடியும் வாழ்கின்றது.

2024-ஆம் ஆண்டில் சிங்காசாவில் மழை குறைந்தது, நீர்த்தேக்கங்கள் வற்றின. அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் பொகோட்டா நகரில் நீர்ப்பங்கீடு தொடங்கிற்று. நகரைப் பல பகுதிகளாகப் பிரித்து, முறைவைத்து நீரை நிறுத்தினர். அந்நிலை ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது. மழை பொய்த்தமைக்குக் கரடி காரணமன்று. மழை பெய்யச் செய்வதும் அதனால் இயலாது. எனினும், பெய்த மழையைத் தாங்கி வைத்திருக்கும் காடும் மேட்டு நிலமும் எவ்வளவு அருமையானவை என்பதை நகரமக்கள் தம் வீட்டுக் குழாயடியில் உணர்ந்தனர். கொலம்பிய அரசு 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட புதிய நாணயங்களுள் ஐம்பது பெசோக் காசில் மூக்குக்கண்ணாடிக் கரடியும், நூறு பெசோக் காசில் பிரைலெகோன் செடியும் பொறிக்கப்பட்டுள்ளன. மலையில் ஒருங்கு வாழும் இரண்டும் மக்கள் கைகளிலும் ஒருங்கு புழங்குகின்றன.

மலைவாழ் மக்களின் உள்ளத்தில் இக்கரடிக்கு நெடுங்காலமாகவே இடமுண்டு. கரடிக்கும் மானுடப் பெண்ணுக்கும் பிறந்த வலிய மகன் ஒருவனைப் பற்றிய கதைகள் ஆண்டீஸ் மலை எங்கும் வழங்குகின்றன. பெரு நாட்டில் குஸ்கோ நகரை அடுத்த பனிமலைச் சாரலில், ஆண்டுதோறும் கொய்யுர் ரித்தி என்னும் பெருவிழா நிகழ்கின்றது. அதில் கரடி வேடம் பூண்ட ‘உக்குக்கு’ கூத்தர்கள் மக்கட் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக் காப்பர்; இரவில் பனிப்பாறையின்மீது ஏறுவர். முற்காலத்தில் அவர்கள் பனிக்கட்டிகளை வெட்டி முதுகிற் சுமந்து இறங்குவர். அவை உருகிய நீர் நோய் தீர்க்கும் என்பது மக்கள் நம்பிக்கை. பனிப்பாறை ஆண்டுக்காண்டு சுருங்கிவருதலைக் கண்டு அவ்வழக்கத்தைக் கைவிட்டனர். மலையிலிருந்து நீரைக் கொணர்ந்து தருபவன் கரடி என்னும் கருத்து அவ்விழாவில் உறைந்திருத்தல் எண்ணத்தக்கது.

இங்கிலாந்து நாட்டுச் சிறுவர்களும் இக்கரடியை அறிவர். மைக்கேல் பாண்டு என்னும் எழுத்தாளர் 1958-ஆம் ஆண்டில் வெளியிட்ட கதைநூலில், பெரு நாட்டிலிருந்து கப்பலேறி இலண்டனுக்கு வந்த பாடிங்டன் என்னும் கரடிக்குட்டி ஒன்று வருகின்றது. ஊரும் உறவும் இழந்து வந்த அக்குட்டிக்கு ஒரு குடும்பத்தார் இடமளிக்கின்றனர். கதைக் கரடிக்கு வீடு கிடைத்தது. காட்டுக் கரடியின் வீடோ நாளுக்குநாள் குறுகிவருகின்றது.

மலைச்சரிவுகளில் காடு அழிந்து வயலும் மேய்ச்சல் நிலமும் ஆகின்றது. சுரங்கங்கள் தோண்டப்படுகின்றன, சாலைகள் காட்டை ஊடறுக்கின்றன. முன்பு தொடர்ந்து கிடந்த காடு இன்று தீவுகள் போலத் துண்டுபட்டு நிற்கின்றது. கனி தேடிக் கீழே இறங்கவும், குருத்துத் தேடி மேலே ஏறவும் வேண்டிய கரடி, வழியில் வேலியையும் வயலையும் எதிர்ப்படுகின்றது. பித்தப்பை, நகம், கொழுப்பு ஆகியவை மருந்தாகும் என்று கருதி அதனைக் கொல்வாரும் உளர்.

இவற்றினும் நுட்பமான இடர் உழவர்க்கும் கரடிக்கும் இடையே எழும் பூசலாகும். மலையுழவன் செல்வன் அல்லன். சிறு நிலத்தில் சோளமும் உருளைக்கிழங்கும் விளைத்து, இரண்டொரு மாடுகளை வளர்த்து வாழ்பவன். மக்காச்சோளம் பால் பிடிக்கும் நாளில் கரடி ஓரிரவு வயலில் இறங்குமாயின், அவ்வீட்டார் பல திங்கள் உண்ணவேண்டிய உணவு அழிந்துபோம். மாடொன்று இறந்தால் பிள்ளையின் படிப்பிற்கோ நோயாளியின் மருந்திற்கோ வைத்த முதலே போனதாகும். அவன் சினம் கொள்வதில் வியப்பில்லை. எனினும், அம்மலைகளில் மாடுகளைக் காவலின்றிக் காட்டில் மேயவிடுதல் வழக்கம். அவை பாறையிலிருந்து வீழ்ந்தும் நோயுற்றும் இறத்தல் உண்டு. இறந்த மாட்டைக் கரடி தின்னும்போது உடையவன் காண்கின்றான். கரடியே கொன்றது என்று துணிகின்றான். சிலபோது கரடியே கொல்வதும் மெய்தான். ஆயின், செய்த குற்றத்திற்கும் செய்யாத குற்றத்திற்கும் அது பெறும் தண்டனை துப்பாக்கிக் குண்டு ஒன்றே.

இன்று இவ்வினம் அழிவிற்கு இலக்காகக்கூடிய நிலையில் உள்ளது என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வகைப்படுத்தியுள்ளது. காடுகளில் எஞ்சியுள்ள வளர்ந்த கரடிகள் 2,500 முதல் 10,000 வரை இருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு. இக்கரடியையும் அதன் உறுப்புகளையும் நாடுவிட்டு நாடு விற்றல் பன்னாட்டு உடன்படிக்கையால் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயினும், ஏட்டில் எழுதிய சட்டம் மலையுச்சியில் தனித்து நிற்கும் வயலுக்குத் தானே நடந்து செல்வதில்லை. அங்கே காவல் நிற்கவேண்டியவர்கள் அம்மண்ணில் வாழும் மக்களே.

அங்ஙனம் காவல் நின்ற ஊர் ஒன்றுண்டு. பெரு நாட்டின் வடபகுதியில், லம்பயேக்கே மாவட்டத்தில், சோங்கோயாப்பே என்னும் ஊரைச் சார்ந்த உழவர் சமூகம் ஒன்று, தனக்குப் பொதுவுரிமையான நிலத்தில் ஏறத்தாழ 34,000 ஹெக்டேர் பரப்பைக் காட்டுயிர்க்கெனப் பாதுகாக்க உடன்பட்டது. 2001-ஆம் ஆண்டில் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. தனியார் உரிமையிலுள்ள காப்பிடமாக அந்நாட்டில் ஏற்பட்டவற்றுள் அதுவே முதலாவது. சப்பாரி என்பது அதன் பெயர். கூண்டுகளில் அடைபட்டு வாடிய கரடிகளை மீட்டுப் பேணவும் அங்கே இடம் அமைத்தனர். காட்டைக் காணவரும் பயணிகட்கு அவ்வூரினரே வழிகாட்டிகளாயினர். முன்பு விறகும் வேட்டையும் தந்த காடு, பின்பு மரம் நிற்க, விலங்கு வாழ, ஊதியம் தந்தது.

அம்முயற்சி எதிர்ப்பின்றி நடைபெறவில்லை. நிலத்தைக் கவர விழைந்தோர் பலர். 2017-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில், அக்காட்டைக் காத்தற்கு முன்னின்ற ஊர்த்தலைவர் ஒருவர் தம் இல்லத்திலேயே கொல்லப்பட்டார். ஒரு காட்டைக் காத்தல் எளிய பொழுதுபோக்கன்று. சிலர்க்கு அது தம் உயிரையே விலையாகக் கேட்கும் அறம் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

கரடியையும் உழவனையும் ஒருங்கே காத்தற்கு வழிகள் இல்லாமல் இல்லை. மாடுகளைக் காட்டின் உட்புறத்தே விடாது, ஊரையடுத்து மேய்த்தல் ஒன்று. சோளம் முற்றும் நாளில் அயலார் கூடி வயலைக் காத்தல் ஒன்று. இழப்புற்றவனுக்கு அரசும் நகரத்தாரும் கைகொடுத்தல் மற்றொன்று. துண்டுபட்ட காடுகளுக்கிடையே மரங்களை வளர்த்து, கரடி சென்றுவரும் வழியை மீண்டும் இணைத்தல் யாவற்றினும் இன்றியமையாதது. மலைநீரைப் பருகும் நகரத்தான், அந்நீர் பிறக்கும் இடத்தில் வாழும் உழவனின் இழப்பிலும் பங்கேற்றல் முறையன்றோ? காப்பதன் பயன் பலர்க்கும், அதன் சுமை ஏழை ஒருவனுக்குமாக இருக்கும் வரையில் எந்தக் காவலும் நிலைத்து நில்லாது.

பேருருவம் படைத்த தன் உறவினமெல்லாம் மறைந்தபின்னும் இக்கரடி பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தது. பனியையும் வறட்சியையும் அது வென்றது; முள்ளிலையையும் மரப்பட்டையையும் உண்டு பொறுத்தது. மனிதன் வெட்டும் மரத்தையும் எழுப்பும் வேலியையும் வெல்லும் வகையை மட்டும் அஃது அறியாது. அவ்விடத்து அதற்கு உதவத்தக்கவன் மனிதன் ஒருவனே. இன்று முகிற்காட்டில் கரடி ஒன்று கனியை உண்டு விதையைச் சிதறிச் செல்லுமாயின், அவ்விதை மரமாகி நிழல் தரும் நாளில் இன்று பிறந்த குழந்தை வளர்ந்து முதுமை எய்தியிருக்கும். அம்மரத்தடியில் ஊறும் நீரை அக்குழந்தையின் பேரப்பிள்ளைகள் பருகுவர். அவர்கள் பொருட்டேனும் அக்கரடி நடந்து செல்லும் வழியை அடைக்காது விடுதல் இன்று வாழ்வோரின் கடமையாகும்.